பச்சை டிக்

“பேக்கேஜுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?” என்று மாமா ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவள் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். பதிலையும் அவரே சொன்னார், வெகுநேரம். அதில் அக்கா பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். அவர் பேக்கேஜ் என்று சொன்னது ஒரு லைப்ரரி, மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு. அதை எழுதியது அக்கா. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஃபைலைச் சேமிக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்துக் கொடுக்கும் கோட் அது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், வேறு பெயரில் வெளியிடவும் செய்யலாம்; அதன் லைசென்ஸில் உள்ள பெயரை மட்டும் நீக்கக் கூடாது. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா அதை எழுதினாள். அதை மற்றவர்கள் இறக்கி இன்ஸ்டால் செய்யும்படி பொட்டலம் கட்டி இணையத்தில் ஏற்றுவது மாமாவின் வேலை. ஏற்றுவதற்கான பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும். ஆசிரியர் என்ற இடத்திலும் அவர் பெயர் மட்டும்.

பொட்டலம் கட்ட ஒரு டூல் போதும். மாமா சட்டை மாற்றுவதுபோல் டூல் மாற்றுவார். முகம் தெரியாத யாரோ இணையத்தில் ‘இன்னுமா அந்தப் பழசு?’ என்று கேட்டுவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கோடில் அவர் ஒரு வரி சேர்த்து நான் பார்த்ததில்லை.

ஒரு காது மருத்துவமனை அக்காவின் லைப்ரரியைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. அவர்களுடைய மூன்று மெஷின்களின் ஃபைல்களையும் அது படித்துவிட்டால் அக்காவுக்கு அங்கே வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆசைப்பட்ட முதல் வேலை. சோதனைக்கு முந்தின நாள் மாமா புது டூலுக்குத் தாவினார்.

“ஏங்க, நாளைக்கு ஒரு நாள் போகட்டுமே. அப்புறம் மாத்திக்கலாம்.”

“பழைய டூல்ல வெளியிட்டா நாலு பேர் என்ன நெனப்பாங்க?”

“எந்த நாலு பேரு? சரி, ஏத்தறதுக்கு முன்னாடி வேற கம்ப்யூட்டர்ல ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்க.”

“எல்லா டெஸ்ட்டும் பாஸ். பச்சை டிக் வரிசையா நிக்குது, கண்ணு தெரியலையா?”

ஏற்றினார். முன்பு ஏற்றிய பழைய பொட்டலங்களை எல்லாம் இணையத்திலிருந்து நீக்கியும்விட்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்ஸ்டால் ஆகுதும்மா. ஆனா ஒண்ணும் ஓடல. பிரிச்சுப் பாத்தேன். லைசென்ஸ் இருக்கு, அறிமுகம் இருக்கு, உங்க வீட்டுக்காரர் பேர் ரெண்டு எடத்துல இருக்கு. கோட் மட்டும் காணோம். மீட்டிங் ஆரம்பிக்கறதுக்குள்ள சரி பண்ண முடியுமா?”

“முடியும் டாக்டர்,” என்றாள் அக்கா.

கோட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மாமா புது டூலிடம் சொல்லவே இல்லை. டெஸ்ட்களோ பொட்டலத்தைத் தொடவே இல்லை. அதே கம்ப்யூட்டரில் பக்கத்திலேயே கிடந்த அக்காவின் கோட் ஃபைல்களை ஓட்டிப் பார்த்து டிக் போட்டுவிட்டன. தான் கட்டிய பொட்டலத்தை மனிதர் ஒரு தடவை பிரித்துப் பார்க்கவில்லை.

“அவங்க இன்ஸ்டாலர் பழசா இருக்கும். அப்டேட் பண்ணச் சொல்லு,” என்றார் மாமா.

“கோடே இல்லாத பொட்டலத்த எந்த இன்ஸ்டாலருங்க ஓட்டும்? பாஸ்வேர்டக் குடுங்க.”

“அதெல்லாம் அவசரத்துல குடுக்க முடியாது. ரிலீஸ்னா ஒரு ஒழுங்கு வேணும். இதுக்குன்னே இன்னொரு டூல் வந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள…”

கதவோரம் நின்ற நான் சிரித்துவிட்டேன்.

“இவளுக்கு என்ன சிரிப்பு?”

இந்த முறை நான் தலையைக் குனியவில்லை. பதில் சொல்லும் அளவுக்கு அவர் எனக்குப் பெரியவராகவும் தெரியவில்லை.

அக்கா, மாமா குப்பை என்று ஒதுக்கிய பழைய டூலையே எடுத்தாள். பாஸ்வேர்ட் இல்லாமல் பழைய பெயரில் ஏற்ற முடியாது என்பதால் கோடுக்குப் புதுப் பெயர் வைத்தாள், பொட்டலம் கட்டினாள், நான் படம் பார்க்கும் ஓட்டை லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தாள், தன் பெயரில் ஏற்றினாள். மேசையில் இருந்த காபி ஆறக்கூட இல்லை.

மாமா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “ஆசிரியர்ல என் பேர் எங்க?”

“லைசென்ஸ்ல இருக்கு. அங்கேருந்து எடுக்கக் கூடாதாம். அதனால இருக்கு.”

போன் அடித்தது. “மூணையும் படிக்குதும்மா! மீட்டிங்குக்கு நீங்களே வந்துடுங்க.”

மாமா விடவில்லை. “இப்பவும் சொல்றேன், இந்த டூல்ல கட்டினது வெளிய தெரிஞ்சா அசிங்கம் எனக்குத்தான். நாலு பேர் கேட்டா…”

அக்கா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படியிறங்கிப் போனாள்.