சுவரின் இடப்பக்கம்

கட்டுரை எழுதுவதுகூடப் பெரிய காரியமில்லை, அதற்குத் திட்டம் போடுவதுதான் உயிரை வாங்குகிறது என்று கல்லூரியில் படிக்கும் மகள் விடிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். பாடமாக வைத்த நாவலில் ஒரு பொறியாளர் வருகிறார். தான் கட்டிய அணையில் விரிசல் விட்டதைப் பார்த்தும் யாரிடமும் மூச்சு விடாமல் சுண்ணாம்பு பூசி மறைக்கிறார். கடைசியில் அணை உடைந்து வெள்ளம் ஊரையே அடித்துக்கொண்டு போகிறது. அவ்வளவு நல்ல மனிதர் விழுந்ததற்குக் காரணமான குறை எது? அதுதான் கட்டுரை.

கூடத்துச் சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தாள். வலப்பக்கம் பச்சைச் சீட்டுகளில் அவருடைய நல்ல குணங்கள். இடப்பக்கம் சிவப்புச் சீட்டுகளில் குறைகள்: வறட்டுப் பெருமை, வாய்திறந்து சொல்லப் பயம், எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்ற நினைப்பு.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வண்டி எடுக்கும் நேரம். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சுவருக்கு நேரெதிரே வந்து நின்றார்.

"என்ன வக்கீலம்மா, காலங்காத்தாலயே கோர்ட்டா?" வாயாடி மகளுக்கு அவர் வைத்த பெயர் அது.

"படிச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பா. ஏதாவது விட்டுப்போச்சா?"

அவர் நிதானமாகப் படித்தார். "உழைப்பாளி, நேர்மை, குடும்பத்து மேல உசிரு... அடேயப்பா, ஆளைத் தூக்கித் தலையில வச்சுல்ல ஆடியிருக்கே! குறையைப் பத்தித்தானே கட்டுரை? ஒரு குறைகூட எழுதலையே?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா."

"இதுல என்ன கிண்டல்? இல்லாததை இல்லைன்னுதானே சொல்றேன்."

முகத்தில் விளையாட்டே இல்லை. அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மெல்ல அவருடைய இடது காதோரம் கையை நீட்டி விரல்களை ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை. கை மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் துள்ளி விழுந்தார்.

"ஐயோ! எங்கேருந்து வந்துச்சு இந்தக் கை?"

"அப்பா... இடப்பக்கம் உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? கழுத்தைத் திருப்பினா எல்லாம் தெரியத்தான் செய்யுது." சொன்ன பிறகுதான் வாயை விட்டுவிட்டோம் என்று உறைத்தது போல. அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

அங்கே அம்மா கையில் பிடித்த கரண்டியோடு நின்றிருந்தாள். "தலைவலின்னு ஒரு நாள் சுருண்டு படுத்தாரே, அதுலேருந்துதான். வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. தொடலைன்னா நம்ம வீட்டு அடுப்பு எப்படிடி எரியும்? அதான் நானும் வேன்ல ஆயாவா ஏறிக்கிட்டேன். இடப்பக்கம் என்ன வருதுன்னு நான் பாத்துச் சொல்லிடறேன்ல?"

அம்மா ஆயா வேலைக்குக் கிளம்பிய அன்று, "ஜோடி போட்டுக்கிட்டு ஊர் சுத்தப் போறீங்களா?" என்று சீண்டியவள் மகள்தான். அவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்களே, பாவிகள்!

"பிள்ளைங்கம்மா! வண்டி நிறையப் பிள்ளைங்க!"

"கத்தாதேடி," என்றார் அப்பா. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டார். "இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா? போன வாரம் பள்ளிக்கூட வாசல்ல ஒரு பள்ளத்துல சக்கரம் ஏறி இறங்குச்சு. அவ்வளவுதான். வேணும்னா உங்கம்மாவைக் கேளு."

அம்மா கூடத்துக்கு அவர் பக்கத்தில் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது பள்ளம் இல்லங்க."

"பின்னே?"

"பை. சின்ன வகுப்புப் பொண்ணோட பை. கீழே விழுந்ததை எடுக்கக் குனிஞ்சிருக்கு. நான் கத்துறதுக்குள்ள சக்கரம் ஏறிடுச்சு. அது கையை இழுத்துக்கிச்சு, இல்லைன்னா..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புதுப் பை வாங்கிக் குடுத்து, வீட்ல சொல்லாதேம்மான்னு கெஞ்சினேன். உங்ககிட்டச் சொன்னா இடிஞ்சு போயிடுவீங்கன்னு பள்ளம்னுட்டேன்."

சாவி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியவருக்கே வீட்டுக்குள் ஒருத்தி சுண்ணாம்பு பூசியிருக்கிறாள்! அவர் குனிந்து சாவியை எடுக்கவில்லை.

மெதுவாகக் கழுத்தை முழுக்கத் திருப்பினார். சிவப்புச் சீட்டுகளை அப்போதுதான் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார்.

போன் அடித்தது. மகள் எடுத்தாள். வேன் இன்னும் வரவில்லையே என்று பிள்ளையை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் ஒரு தாய் கேட்டாள். அப்பா கை நீட்டிப் போனை வாங்கினார்.

"டிரைவர் பேசறேங்க. வண்டி வராது. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமேலும் நான் ஓட்ட மாட்டேன். எனக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியலைங்க."

அந்தத் தாயின் குரல் வீறிட்டது, மகளுக்கே கேட்டது.

"எத்தனை நாளா?"

அவர் திகைத்துப்போய், துணைக்கு அம்மாவைத் தேடினார். வாசலைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். அம்மா அவருக்கு இடப்பக்கம், காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.