கேப்டன் அப்படிச் சொல்லமாட்டார்

“அழி,” என்றான் அவன், ஆக்ஸிஜன் முகமூடியைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவியின் கட்டைவிரல் ஃபோன்மேல் நின்றது. “எதை?”

“‘உன்னை அனுப்ப மனசில்லை’ன்னு போட்டிருக்கியே, அதை. கேப்டன் அப்படிச் சொல்லமாட்டார்.”

“விண்கப்பலோட சாகப் போறாருங்க மனுஷன். டாக்டரம்மாவை மட்டும் தப்பிக்கிற படகுல ஏத்தி அனுப்புறாரு. அவளும் எத்தனை வருஷமா அவர் பின்னாடியே சுத்துறா! ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?”

“மூலக்கதையில ஒரு பாகத்துலகூட சொன்னதில்ல.”

“இது நீங்க எழுதுற கதைதானே?”

“உலகம் அவங்களோடது. நாம வாடகைக்குக் குடியிருக்கோம். ஆணி அடிக்கலாம், சுவத்தை இடிக்கக் கூடாது.”

பகலெல்லாம் லிஃப்ட் பழுதுபார்ப்பான். வீட்டுக்கு வந்தால் ஃபேன் ஃபிக்‌ஷன். விண்கப்பல் தொடர், கடலடி ராஜ்ஜியம், பார்வையற்ற துப்பறிவாளர் என்று அடுத்தவர்கள் படைத்த மூன்று உலகங்களில் மாறி மாறிக் கதை எழுதுவான். கடலடிக் கதையில் தீப்பந்தம் கொளுத்தி எழுதிய ஒருவனோடு சைட்டில் வாரக்கணக்கில் சண்டை போட்டவன். நுரையீரல் கெட்டு, கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். துப்பறிவாளர் ‘அவளைக் கண்டதும்’ முகம் மலர்ந்ததாகத் தட்டி வாங்கிக் கட்டிக்கொண்டாள். தட்டியதில் பாதி அழிப்பதற்கே சரியாகப் போயிற்று.

கல்யாணமான நாளிலிருந்து இவனும் அந்தக் கேப்டன் ரகம்தான். கதையிலாவது ஒருத்தி காதில் அந்த ஒரு வார்த்தை விழட்டுமே என்றிருந்தது அவளுக்கு.

“சரி, உங்க கேப்டன் வேற என்னதான் சொல்லுவார்?”

அவன் யோசித்தான். இருமல் வந்தது. “அப்புறம் சொல்றேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா. மூஞ்சியைப் பாரு.”

எரிச்சலோடுதான் எழுந்து போனாள். டீயை ஊதிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் ஓடி வந்தான். இருவரும் கட்டிலருகே போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வண்டி வர நேரமாகும் என்றார்கள். வராந்தா நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, கொழுந்தன் பக்கத்திலேயே நின்றான்.

“அண்ணி, இப்பக் கேக்கக் கூடாதுதான். சைட்ல கடைசி அத்தியாயம் எங்கேன்னு எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. நீங்களே முடிச்சிடுங்க. உங்க இஷ்டம்போல. இனிமே தப்பு சொல்ல யாரு இருக்கா?” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் ஃபோனை எடுத்தாள். ‘உன்னை அனுப்ப மனசில்லை.’ தட்டிவிட்டுப் படித்தாள். வழியில் போகிற எவனோ கேப்டனின் சட்டையை மாட்டிக்கொண்டு பேசுவது போலிருந்தது. அழித்தாள். ‘என்னை மன்னித்துவிடு.’ அதுவும் ஒட்டவில்லை.

“சே! போன பிறகும் எழுத விடமாட்டேங்குறாரு,” என்றாள் உரக்க. எதிரே இருந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துத் தட்டினாள்: ‘கேப்டன் படகின் கதவைப் பிடித்தபடி நின்றார். “கையுறையைப் போட்டுக்கொள், டாக்டர். அங்கே குளிரும்,” என்றார். கதவை மூடினார்.’

கொழுந்தன் வாங்கிப் படித்தான். “இவ்வளவுதானா, அண்ணி?”

“இவ்வளவுதான். இதுக்கு மேல அந்த ஆளு வாயைத் திறக்கமாட்டாரு.”

அவன் இன்னொரு தரம் படித்தான். மூக்கை உறிஞ்சிவிட்டு, ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

வண்டி வந்தது. “முன்னாடி உக்காருங்கம்மா,” என்றார் டிரைவர். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கணவன்மேல் போர்த்தியிருந்த துணி குட்டையாக இருந்தது. பாதங்கள் வெளியே தெரிந்தன. கீழே இழுத்தாள், முகம் தெரிந்தது. மேலே இழுத்தாள், பாதம். மறுபடியும் கீழே. வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோதும் துணியின் நுனியை அவள் விடவில்லை.