விரல் விழுந்த பக்கம்

‘ஏழாற்று வம்சம்’ ஆறாம் பாகத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தேன். வந்தது, தலையணை கனத்தில். வந்ததும் வராததுமாகப் புதிதாக மூன்று ராஜாக்கள். மூன்று பேருக்கும் சித்தப்பாக்கள், சித்தப்பாக்களுக்கு ஆளுக்கொரு சபதம். நடுவில் ஒரு கல்யாணம் வேறு. பந்தியில் பிரதமன் பாயசம் விளம்பி முடியும்வரை கதை ஓரடி நகரவில்லை. எழுதியவர் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை, ஓடக்காரன் கேளனுக்காக. அத்தனை பாகத்திலும் யாரையும் வெட்டாமல், வந்தவர்களை அக்கரை சேர்க்கிறவன் அவன் ஒருத்தன்தான். இந்தப் பாகத்தில் அவனைக் கொன்றுவிடுவார்கள் என்று எனக்குள் ஒரே உதறல்.

இந்தப் புலம்பலையெல்லாம் கேட்கும் தலையெழுத்து என் வீட்டுக்காரர் ஜான்ரோஸுக்கு. அவர் நாவல் பக்கமே போகாதவர். இரணியலில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது நான் கேளன் கதையைச் சொல்வேன், அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மனுஷனுக்குத்தான் நெஞ்சில் அடைப்பு என்று நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவரோ, வசனம் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. பெரிய காரியம் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைப்பது. விரல் விழுந்த வசனம்தான் பதில். மற்றவர்கள் ஒரு ஆறுதலுக்காகச் செய்வார்கள், இவர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார். ஒருமுறை வெள்ளம் வருகிற வசனத்தில் விரல் விழுந்தது என்று குவைத் விமானத்தையே விட்டவர். அதனால் எனக்கு ஆபரேஷனைவிட அந்த விரலின் மேல்தான் பயம் அதிகம்.

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த அன்று காலையில் நர்ஸ் வந்து அவருடைய கண்ணாடியையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் போனாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து தெரியாது. பைபிளை எடு, நீதான் வாசிக்க வேண்டும் என்றார். கட்டில் ஓரத்தில் இருந்த கறுப்பு ஜிப் உறையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடி, உதடு அசைய ஜெபித்து, ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உறைக்குள் பைபிள் இல்லை. ஆறாம் பாகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சபைக்காரர்கள் வந்துபோகும்போது ராஜா கதை வாசித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று நான்தான் மாற்றி வைத்திருந்தேன். பைபிள் வீட்டு மேஜையிலேயே கிடந்தது.

அவர் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துவிட்டார். நான் இன்னும் போய்ச் சேராத பக்கம். குனிந்து பார்த்தேன். ‘கேளன் இருட்டுக்குள் துடுப்பு போட்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.’

பயந்தது கேளனுக்காகவா, இவருக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை. வாசிக்கச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தை எடுத்துவிட்டேன். பாதியிலேயே நாக்கு குழறி நின்றது.

அவர் கண்ணைத் திறக்காமல் தாளின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார்.

“ஏட்டி ராகேல், பைபிள் தாளு இவ்வளவு தடியாவா இருக்கும்?”

நான் அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார், சம்மதிக்க மாட்டேன் என்று எழுந்து உட்காருவார் என்று நினைத்தேன். விரலை எடுக்காமல், அதில் என்னதான் எழுதியிருக்கிறது, உள்ளதைச் சொல் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

வெளியே ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“யாரையும் வெட்டாத ஓடக்காரன்லா கேளன்? செத்துட்டான்னு போட்டிருக்கா?”

“இல்ல. யாரும் பாக்கல்லன்னுதான் போட்டிருக்கு.”

“பொறவு வருவானா?”

“எனக்குத் தெரியாது. இன்னும் முந்நூறு பக்கம் கெடக்கு.”

கேளன் யாரென்று அவர் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் முள்ளுக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கண்ணைத் திறந்தார். அவர் கண்ணிலும் பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

“டாக்டர்ட்ட சம்மதம்னு சொல்லு. நான் வந்த பொறவு ரெண்டு பேருமா வாசிப்போம். நீ மட்டும் முந்திப் போயிராத.”

அவரைக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தினார்கள். வராந்தா நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ காப்பி வேணுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று தலையாட்டினேன். ஒரு பக்கம் புரட்டினால் கேளன் வந்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். என்னால் முடியவில்லை. வளவளவென்று எழுதுகிறார் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போது அந்த முந்நூறு பக்கமும் போதாது என்றிருந்தது. இன்னும் இரண்டு ராஜாக்கள் வரட்டும், இன்னொரு கல்யாணம்கூட வைக்கட்டும், கேளனைக் கரையில் ஏற்றினால் போதும்.

வெயில் ஜன்னலைத் தாண்டி என் காலடிக்கு வந்தபோது கதவு திறந்தது. ஜான்ரோஸின் ஆட்கள் யார் என்று நர்ஸ் கேட்டாள். அவள் முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை.

எழுந்தேன். என் விரல் மட்டும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது.