பார்சலுக்கு ஒரு பைக்

நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் முதல் பைக் வாங்கக் கிளம்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தெரியாமல் இல்லை. காலமெல்லாம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிப் பிழைக்கிற ஆள், ரோட்டில் நேராகப் போக மட்டும் மச்சினன் தயவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மச்சினன் அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவான். சாயங்காலம் வந்து எடுத்துப்போவான். அப்படி இறக்கி எடுக்கிற சாமானுக்கு என்ன பெயரோ, அதையே கம்பெனியில் அவருக்கும் வைத்துவிட்டார்கள். "பார்சல் வந்தாச்சா?" என்று மேனேஜரே கேட்பார். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

இத்தனை நாள் ஏன் வண்டி ஓட்டவில்லை என்றால், பயம்தான். வேறு காரணம் கிடையாது. ஆனால் பயம் என்று சொல்ல நாக்கு கூசியதால், "பெட்ரோல் விக்கிற விலையில வண்டி எதுக்கு?" என்று நாட்டின் பொருளாதாரத்தையே துணைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அதற்கும் வேட்டு விழுந்தது. ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். ஃபோன் வந்ததும் மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். நல்ல மழை, டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. மச்சினனோ சலூனில் இருந்தான், தலையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டியாகியிருந்தது. "பாதியில எந்திரிச்சு வந்தா கேவலமா இருக்கும் மாமா, இந்தப் பக்கமும் முடியட்டும்" என்றான். இந்தப் பக்கமும் முடிந்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் கட்டட முதலாளியின் மாமியார்.

மறுநாள் மேனேஜர் பார்சல் என்று கூப்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. "ஒரு மாசம் டைம். அதுக்குள்ள சொந்தமா வண்டி வச்சுக்கங்க. இல்லேன்னா வண்டி வச்சிருக்கிற ஆளா நான் பாத்துக்கறேன்" என்றார். மெக்கானிக் அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, ஒரு மைதானத்தை இரண்டாவது கியரிலேயே சுற்றிச் சுற்றி வந்து, இரண்டு முறை விழுந்து, எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

பழைய வண்டி ஒன்று பார்க்கப் போகிற விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? தம்பியைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தம்பி வேலை பார்த்த செல்ஃபோன் கடையை மூடி வெகு நாளாகிவிட்டது. அவனுக்கு வேலை இல்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை; மாமாவை டிராப் பண்ணுகிறான் என்றுதான் சொல்வார்கள். மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவன் நன்றாகவே சாப்பிட்டான்.

மச்சினன் வண்டி பார்க்கிற அழகே தனி. முதல் வண்டியின் எஞ்சினைத் தொட்டவன் கையை வெடுக்கென்று எடுத்தான். "சுடுது பாருங்க மாமா. நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். ஆறின வண்டி கிளம்பாது, அதை மறைக்கிறான்" என்றான். மெக்கானிக் அசந்துபோனார். இரண்டாவது வண்டியைப் பார்த்து, "பெயின்ட் புதுசு. எங்கயோ விழுந்து எந்திரிச்ச வண்டி" என்றான். மூன்றாவதைப் பார்த்து, "பெயின்ட் பழசு. பெயின்ட்கூட அடிக்காதவன் ஆயில் மாத்தியிருப்பானா?" என்றான். மெக்கானிக் இரண்டுக்கும் தலையாட்டினார். புதுசும் ஆகாது பழசும் ஆகாது என்றால் பிறகு எதுதான் ஆகும் என்று கேட்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. மாதம் முடிய நான்கு நாள்தான் பாக்கி.

நான்காவது வண்டி ஓர் ஆம்புலன்ஸ் டிரைவருடையது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், போர்வை போர்த்தி நிறுத்தியிருந்தார். போர்வையை விலக்கியதும் மெக்கானிக்குக்கு அந்த வண்டி பிடித்துப்போயிற்று. கறுப்பு நிறம், நடுத்தர உடம்பு, அலட்டல் இல்லாத முகம். பெண் பார்க்கப் போன நாளில்கூட அவர் இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வரவில்லை.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வீட்ல விக்கச் சொல்றாங்க" என்றார் டிரைவர். "தினம் யாரை ஏத்திட்டு வர்றேன்னு சாப்பிடறப்ப சொல்லித் தொலைச்சிட்டேன்."

"யாரை ஏத்திட்டு வர்றீங்க?"

"பைக்ல போறவங்களைத்தான்."

மெக்கானிக் வண்டியை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். டிரைவர் அதைக் கவனித்து, "இந்த வண்டி இதுவரைக்கும் யாரையும் எங்கிட்ட அனுப்பினதில்ல" என்று ஆறுதல் சொன்னார்.

மச்சினன் எஞ்சினைத் தொட்டான். சில்லென்று இருந்தது. கிக்கரை ஒரு மிதி மிதித்தான், வண்டி கிளம்பிவிட்டது. அவன் முகம் தொங்கிவிட்டது. தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தான், ஆயில் ஒழுகவில்லை. செயினைத் தூக்கிப் பார்த்தான், டயரைக் கிள்ளிப் பார்த்தான், சைலன்சருக்குள் விரலை விட்டு மோந்துகூடப் பார்த்தான். கடைசியில் சட்டை முதுகைத் தட்டிக்கொண்டே எழுந்து, "ஹாரன் சத்தம் பத்தல" என்றான்.

"ஆபீஸ்ல எனக்குப் பெருசா ஒண்ணு குடுத்திருக்காங்க. அதனால இதைக் கண்டுக்கல" என்றார் டிரைவர்.

மச்சினன் வண்டியை வெளியே எடுத்துக்கொண்டுபோய், கொஞ்ச நேரம் எங்கோ சுற்றிவிட்டு வந்தான். மெக்கானிக்கைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். "வேணாம் மாமா. மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருது. எஞ்சினைப் பிரிச்சாத்தான் தெரியும்."

டிரைவருக்குக் காது நல்ல காது. "என்ன மாதிரிச் சத்தம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"உள்ள யாரோ முனகுற மாதிரி."

"முனகினா நான் சும்மா விட்டிருக்க மாட்டேனே தம்பி. என் தொழிலே அதானே."

மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். நான்கு நாளை நினைத்தார். மேனேஜரின் சிரிக்காத முகத்தையும் நினைத்தார். "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்" என்றார். சொன்னது தான்தான் என்று அவருக்கே நம்ப முடியவில்லை.

"மாமா, மைதானம் வேற, ரோடு வேற" என்றான் மச்சினன். அது உண்மைதான். மெக்கானிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடியும் விட்டார், மறுபடியும் நின்றது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். டிரைவர் பக்கத்தில் வந்து, "தூங்கறவங்களை எழுப்பாம கதவைச் சாத்துவீங்கல்ல, அப்படி விடுங்க" என்றார். அப்படியே விட்டார். வண்டி நகர்ந்தது.

தெருவுக்கு வந்தார். ஒரு நாய் அவரை நம்பாமல் ஓரம் ஒதுங்கியது. முதல் கியர், இரண்டாவது கியர். பேக்கரியைத் தாண்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைப் போட்டார். லிஃப்ட் மோட்டார் அறைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். எது தேய்ந்த சத்தம், எது தேயாத சத்தம் என்று காதுக்குத் தெரியும். முனகல் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. தெரு முனை வரை போய்த் திரும்பினார். முகத்தில் காற்று நேராக வந்து அடித்தது. தனியாக இருந்ததால் சத்தம் போட்டே சிரித்தார்.

திரும்பி வந்து நிறுத்தும்போது மட்டும் முன்சக்கரம் சுவரில் போய் முட்டியது. டிரைவர் முதலில் அவரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் வண்டியைப் பார்த்தார்.

"மூணாவதுல ஒரு சத்தமும் இல்லையே மாப்ளே" என்றார் மெக்கானிக்.

மச்சினன் தண்ணீர் மோட்டாரைப் பார்த்தான். "எனக்குக் கேட்டுச்சு" என்றான்.

"பொய் சொல்லாத. புது பெயின்ட்டும் ஆகாது, பழைய பெயின்ட்டும் ஆகாது, ஆறின எஞ்சின்ல முனகல் கேக்குது. எனக்கு வேலை போயிடும்னு தெரியும்ல உனக்கு?"

அவன் யாருக்கோ சொல்வதுபோலச் சின்னக் குரலில் கேட்டான். "நாளைக்குக் காலைல எந்திரிச்சு நான் என்ன மாமா பண்றது?"

டிரைவர் சட்டென்று குனிந்து, ஒன்றும் இல்லாத டயரில் எதையோ தேட ஆரம்பித்தார். மெக்கானிக்குக்கு ஒரு மாதத்துக் கோபம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. இவனால் அல்லவா தீயணைப்பு வண்டி வந்தது, இவன் தலைமுடியால் அல்லவா. ஆனால் அக்கா வீட்டுச் சாப்பாட்டை அவன் எதைச் சொல்லிச் சாப்பிட்டான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் இன்னும் பத்து வருடம் பின்சீட்டில்தான் என்பதும் தெரிந்தது.

"எனக்கு வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து சும்மா உக்காந்திருக்கணும்டா" என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "நான் எடுத்துக்கறேன்" என்றார்.

பணம் கைமாறியது, சாவியும் கைமாறியது. "என்னை ஆஸ்பத்திரில பாக்க வந்துடாதீங்க" என்று டிரைவர் வழியனுப்பினார். மச்சினன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு, "முன்னாடி போங்க மாமா, நான் பின்னாலயே வர்றேன்" என்றான். அவன் குரலில் வருத்தம் அப்படியே இருந்தது. ஆனாலும் ஹெல்மெட் பட்டியை இறுக்கிவிட்டது அவன்தான்.

பெரிய சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள். பச்சை விழுந்ததும் மெக்கானிக் கிளட்சை விட்டார், வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, உடனே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்குக் கியர் எதில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. அப்போது மச்சினன் தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, அத்தனை பேரையும் மறித்துவிட்டான். இறங்கி நடுரோட்டில் நின்றுகொண்டு, "என்னங்க அவசரம்? அவரு இன்னிக்குத்தான் வண்டி வாங்கியிருக்காரு. நீங்கல்லாம் பொறந்தப்பவே ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று கார்க்காரனிடம் சண்டைக்குப் போனான். கார்க்காரனும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார், நியூட்ரலைத் தேடிப் பிடித்தார், ஸ்டார்ட் செய்தார், முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். வண்டி கிளம்பி வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. அவர் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சிக்னல் சிவப்பாகிவிட்டது. மச்சினன் இன்னும் அந்தப் பக்கத்தில் நின்று, அவருக்காகக் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஓரமாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அதுதான் முறை. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எதிரே சாலை காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியரைப் போட்டார்.