மச்சான் கேட்ட எஞ்சின்

யோதேபா தன் படகு எஞ்சின் இறுகிவிட்டதென்று மச்சானிடம் பொய் சொன்ன அன்று மத்தியானமே அது நிஜமாக இறுகிப்போனது. கூடவே அவன் வீட்டு அரிசி டின்னின் மூடி, சைக்கிள் சக்கரம், சுவர்க் கடிகாரம் எல்லாம் இறுகின. அபேமாமா தீவில் அந்த வாரம் மீன் நன்றாகப் பட்டது, சர்க்கரைதான் வந்துசேரவில்லை.

இந்தத் தீவில் சொந்தக்காரர் வந்து புபுதி என்று ஒன்றைக் கேட்டால், பாயோ படகோ, கொடுத்தே தீரவேண்டும். யோதேபாவோ ஒரு கப்பல்காரனிடம் பழையதாக வாங்கிய அந்த எஞ்சினைக் குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தவன். மனைவியின் அண்ணன் பரானிகோ வந்து கேட்டதும், "அது இறுகிப்போச்சு மச்சான், வெறும் இரும்பு" என்று சொல்லிவிட்டான். காலையில்தான் அதில் போய் மீன் பிடித்துவந்தான். பக்கத்தில் நின்ற மனைவி ரோத்தியாவுக்கு மானமே போயிற்று. பாயைச் சுருட்டிக்கொண்டு காயலின் அக்கரையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் தலைநகர் தராவாவுக்கே போகப்போகிறாள் என்று சேதி வந்தது.

மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். மேல்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். மரக்கட்டையை வைத்துப் பிஸ்டனை மெல்லத் தட்டினான். நடுவில் எழுந்து கடல்பக்கம் ஓடிக் கப்பல் தெரிகிறதா என்று பார்ப்பான், திரும்பி வந்து மறுபடியும் தட்டுவான். எஞ்சின் மயிரிழைகூட அசையவில்லை. அக்கரைக்குப் போகப் பக்கத்து வீட்டுத் தோணியில் ஏறினான். அதில் சுருட்டியிருந்த பாய்மரச் சீலை விரியவில்லை. அவன் இறங்கியதும் விரிந்தது. அதற்கப்புறம் எவனும் அவனைத் தன் தோணியில் ஏறவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பரானிகோ மறுபடியும் வந்தான். "இறுகினதா இருந்தாலும் பரவால்ல, குடு. நங்கூரமாப் போட்டுக்கறேன்."

யோதேபாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நல்லாத்தான் ஓடுச்சு மச்சான். குடுக்க மனசு வரல, அதான் பொய் சொன்னேன். எடுத்துக்கோ."

"தெரியும்டா, கஞ்சப்பயலே" என்று சொல்லிப் பரானிகோ கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். எஞ்சின் சீறிக் கிளம்பியது. வீட்டுக்குள் அரிசி மூடி எகிறி விழுந்தது. கடிகாரம் நின்ற நாளையெல்லாம் சேர்த்து அடித்து முடித்தது. கடல்பக்கம் கப்பல் புகை தெரிந்தது.

"மச்சான், இப்ப நான் புபுதி கேக்கறேன். அக்கரை வரைக்கும்."

பரானிகோ எஞ்சினைத் தடவிக்கொண்டான். "அது வந்து மாப்ளே, கொஞ்சம் இறுக்..." என்று தொடங்கும்போதே எஞ்சின் திணறி இருமியது. தன் வாயிலேயே அடித்துக்கொண்டு, "ஏறுடா, ஏறித் தொலை!" என்றான்.

அக்கரையில் ரோத்தியா மூட்டையோடு நின்றாள். படகைப் பார்த்தாளே தவிரப் புருஷனைப் பார்க்கவில்லை.

"யாரோட எஞ்சின் அது?"

"உங்க அண்ணனோடது" என்றான் யோதேபா.

அவள் மூட்டையைப் படகுக்குள் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கப்பல் சங்கு ஊதிவிட்டு அவளில்லாமல் போனது. மறுவாரம் சர்க்கரை வந்தது. புபுதியில் கைமாறிக் கைமாறி எஞ்சின் இப்போது ஆறாவது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.