படத்தில் இல்லாத அறை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நிதானம் போதவில்லை, நடை சரியில்லை என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

எங்கள் மாவட்டத்தின் பழஞ்சின்னங்களைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு கையேடு எழுதித்தரும்படி பாரம்பரியக் குழு என்னைக் கேட்டது. கல்பாலம், சுங்கச்சாவடி, பழைய சிறை, மணிக்கூண்டு எல்லாம் எழுதி முடித்தேன். தானியக் கிடங்குக்கு வந்தபோது கை ஓடவில்லை. அங்கேதான் என் அக்கா வேலை பார்க்கிறாள்.

அக்கா நர்ஸ். கிடங்கில் தானியம் வைப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிறது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அதுதான் சுகாதார நிலையம். அதன் பக்கச் சுவரை ஒட்டி, பின்னாளில் யாரோ செங்கல்லில் ஓர் அறை எழுப்பினார்கள். பிரசவ அறை. நானும் அதில் பிறந்தவள்தான். (இதைச் சொல்லி உங்கள் மனதைக் கரைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், அதற்குத்தான் சொல்கிறேன்.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: "மலைச்சரிவில் மாலை வெயில் சாய, கற்சுவர்கள் மெல்லப் பொன்னிறம்"

சீ. அந்தச் சுவர்களைப் பார்த்து மயங்கித்தானே இவ்வளவும் செய்தார்கள்.

பிறகு: "இங்கே ஓர் அறை இருந்தது. அதன் சன்னலோரம்" வேண்டாம். ஒப்பாரி வைக்க நான் வரவில்லை.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். குழுவின் அதிகாரி கிடங்கு வாசலில் நின்று அக்காவிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினார். கிடங்கைப் பற்றிக் கிடைத்ததிலேயே பழைய படம். குழுவுக்கு ஒரு விதி உண்டு. எந்தக் கட்டடமானாலும், அதன் மிகப் பழைய படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அதை மீட்டெடுக்க வேண்டும். படத்தில் இருப்பது இருக்கும், இல்லாததை இடித்துவிடுவார்கள். பிரசவ அறை படத்தில் இல்லை.

"அப்போ குழந்தைங்க எங்க பொறக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"அது எங்க துறை இல்லைங்க, சிஸ்டர்," என்றார் அவர்.*

* இதற்கு அடிக்குறிப்பு எதுவும் இல்லை. இந்த இடத்தில் நீங்கள் சற்று நின்று வயிறெரிய வேண்டும் என்பதற்காக ஒரு குறி போட்டேன், அவ்வளவுதான்.

3

அதிகாரியை என்ன செய்வது என்றே தெரியவில்லை. முதல் வரைவில் அவருக்குத் தொப்பையும் அதட்டலான குரலும் கொடுத்தேன். அத்தனையும் பொய். ஆள் ஒல்லி. எல்லோரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். கிடங்கின் கல்லைத் தொடும்போது கைக்குழந்தையைத் தொடுவது போலத் தொடுவார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

படத்தின் ஓரத்தில் ஒரு கழுதை நின்றிருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், அந்தக் கழுதையையும் கொண்டுவந்து கட்டுவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "சிமென்ட்ல ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கோம், மேடம். பிள்ளைங்க ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்கலாம்."

பார்த்தீர்களா? நான் நக்கலாகக் கேட்டது அவர்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கழுதைக்கு இடம் ஒதுக்கியாயிற்று, பிள்ளை பெறுகிறவளுக்கு இல்லை. இதற்கு மேல் நான் எதைக் கற்பனை செய்வது? கதை எழுதிப் பிழைக்கிறவள் வாயில் இப்படியா மண்ணை அள்ளிப் போடுவது?

4

தையல்காரியைப் பற்றிச் சொல்வதை இனியும் தள்ளிப்போட முடியாது. கிடங்குக்கு எதிர்த்தெருவில் மிஷின் போட்டிருக்கிறாள். நிறைமாதம். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், அக்கா பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தவள். பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். போகிற சாலை பாதி சரிந்து கிடக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். (அவளைச் சாதுவாக, கண்கலங்கி நிற்பவளாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது.)

அறையை இடித்தார்கள். நடுக்கூடம் காட்சிக்கூடமானது, அந்தக் காலத்தில் தானியம் அளந்த மர அளவைப் படிகளைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டார்கள். அக்காவுக்கு டிக்கெட் கொடுக்கும் அறையில் பாதி மேசை கிடைத்தது. இடிபாடு கிடந்த இடத்துக்குத் தையல்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சார், என் வயிறும்தான் அந்தப் படத்துல இல்ல. இதை எப்போ இடிக்கப் போறீங்க?"

அதிகாரியின் முகம் வெளுத்தது. "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. புது இடத்துக்குப் பரிந்துரை அனுப்பியிருக்கோம். இடம் பாத்துட்டிருக்காங்க."

"சரி. அதுவரைக்கும் வெளிய வராதேன்னு உள்ள இருக்கிறதுகிட்ட சொல்லி வைக்கிறேன்."

5

முடிவைப் பற்றிப் பேசுவோம்.

இன்னும் பழைய படம் ஒன்று கிடைப்பதாகவும் அதில் அந்த அறை இருப்பதாகவும் எழுதலாம். அதிகாரி தலைகுனிவார், நீங்கள் கை தட்டுவீர்கள். ஆனால் அப்படி ஒரு படம் கிடையாது. அறை பின்னாளில் கட்டியதுதான், அவர் சொன்னது உண்மைதான். அதனால் என்ன? பழசாக இருந்தால்தான் ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமா?

இன்னொரு முடிவில் தையல்காரி செத்துப் போனாள். நன்றாகவே வந்திருந்தது. எழுதி முடித்து நானே அழுதேன். அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஏண்டி, கோபம் வர்றதுக்கு அவ சாகணுமா?"

"எனக்கு இல்லக்கா. படிக்கிறவங்களுக்கு வரணும்ல."

"ஒரு உசிரு போனாத்தான் கோபம் வரும்னா, அப்படிப்பட்டவங்க படிச்சு என்ன ஆகப்போகுது? கிழிச்சுப் போடு முதல்ல."

கிழித்துப் போட்டேன். அதிலிருந்து உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

காட்சிக்கூடத்தின் நடுவில், அளவைப் படிகளுக்கு மத்தியில் பிள்ளை பிறப்பதாகவும் யோசித்தேன். வேண்டாம். அதையும் ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுவார்கள்.

6

ஆகவே, எதுவும் முடியவில்லை என்றே முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். "தையல்காரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தினமும் காலையில் அவள்"

போன். அக்கா.

"எங்கடி இருக்க?"

"வீட்டுலதான். கடைசிப் பகுதி எழுதிட்டிருக்கேன்."

"எழுதினது போதும், வண்டியை எடுத்துட்டு வா. தையல்காரிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு. டிக்கெட் மேசையிலதான் படுக்க வெச்சிருக்கேன். ரத்தம் போற மாதிரி இருக்கு. ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்காம்."

"மலை தாண்டிப் போயிரலாமாக்கா?"

"வாடி முதல்ல."

பின்னால் தையல்காரியின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டத் தெம்பு இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சாவியை எடுத்துவிட்டேன். முடிவு எழுத நேரமில்லை. எப்படி முடியும் என்று எனக்கும் தெரியாது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் அது என் கையில் இல்லை. இது மலைச்சாலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறி வருகிற நேரம். ஒருவேளை நீங்களும் அதில் வந்துகொண்டிருக்கலாம். சரிவுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு சின்ன வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வரும். கிடங்கு அங்கேயேதான் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியைப் பின்னால் எடுங்கள்.