ஒன்பதாவது நிமிடத்து அடி

அப்பாவின் சாட்சி பதினேழு நிமிடம் ஓடும். ஒன்பதாவது நிமிடத்தில் தாத்தா பெல்ட்டைக் கழற்றுவார்.

அந்த இடத்தில் நான் கீபோர்டில் சோகத்துக்கு இறங்க வேண்டும். பதினோரு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கீழே மளிகைக் கடை, நடுவில் டியூஷன் சென்டர், மூன்றாவது மாடியில் எங்கள் சபை. "இருபத்திரண்டு வயசு! ஞானஸ்நானம் எடுக்கப்போறேன்னு சொன்னேன். சாமி மேடைக்கு முன்னாடியே நிக்க வச்சி எங்கப்பா பெல்ட்டால அடிச்சாரு. ரத்தம்! வெறுங்காலோட வீட்ட விட்டு ஓடினேன், கர்த்தருக்காக!" அப்பாவின் குரல் சரியாக அங்கே உடையும். சபைச் சகோதரிகள் கைக்குட்டையைத் தேடுவார்கள். வெறும் பக்கிரிசாமியாக இருந்த அப்பா, பால் பக்கிரிசாமியாகி, சபை மூப்பராகி, மேடைக்கு மேடை அழைக்கப்படும் ஆளானது இந்த ஒரு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

தாத்தா பெல்ட் கட்டியதே இல்லை. கைலி கட்டிய மனிதர். கிள்ளானில் இருக்கும் சின்னையா சித்தப்பா எனக்கும் தம்பி கிஷனுக்கும் எப்போதோ சொல்லிவிட்டார். மகன் மதம் மாறுகிறான் என்று தெரிந்ததும் தாத்தா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே இரண்டு பஸ் மாறி மோரிப் கடற்கரை வரைக்கும் கூடப் போய், மகன் தண்ணீரிலிருந்து ஏறி வரும்வரை கரையில் துண்டோடு நின்றிருக்கிறார். துண்டோடு நின்ற தகப்பனைச் சொன்னால் எந்தச் சபை அழும்? அப்பா அவர் கையில் பெல்ட்டைக் கொடுத்தார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

இன்றைக்குக் குடும்ப ஞாயிறு. பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைத்திருக்கும் வீடுகளை மேடையேற்றும் நாள். எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சிக்கல். கிஷனுக்கு விசுவாசம் போய்விட்டது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து நேராகவே சொல்லிவிட்டான். அப்பா கத்தவில்லை.

"சண்டே ஒரு நாள் மேடையில வந்து நில்லு. மத்தத கர்த்தர் பாத்துக்குவாரு."

"நிக்கலன்னா?"

"இந்த வாசப்படிய மறந்துரு."

நூறு பேர் பார்க்கும்போது எவனும் மறுக்க மாட்டான் என்ற திட்டம். அம்மா உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மட்டும் இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார்.

எனக்கும் விசுவாசம் கிடையாது. பத்தொன்பது வயதிலேயே போய்விட்டது. சொல்ல முதுகெலும்பு இல்லாததால் சபையில் எனக்கு 'நிலைத்த பிள்ளை' என்று பெயர். இது கிஷன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பதினாறாவது நிமிடம். "என் மகன் கிஷன் இப்ப சாட்சி சொல்லுவான்!" கைத்தட்டல். முன் வரிசையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கிஷன் மைக்கை வாங்கினான். "அப்பா, ஒன்னே ஒன்னு. தாத்தா உங்கள அடிச்சாரா?"

"அதத்தானே இவ்ளோ நேரம் சொன்னேன்." அப்பா சபையைப் பார்த்துச் சிரித்தார்.

"சித்தப்பா வேற மாரி சொல்றாரு. மோரிப் வரைக்கும் தாத்தாவும் கூட வந்தாராம். துண்டப் புடிச்சிக்கிட்டு நின்னாராம். அவருக்கும் மனசு ஒடஞ்சிதான் போயிருக்கும்லா. ஆனா வெளிய போன்னு சொல்லல. நானும் அவ்ளோதான்பா கேக்கறேன்."

அப்பாவின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. வெட்கம் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அடுத்த நொடி அவர் மூப்பர்.

"பாத்தீங்களா சபையே! சத்துரு என் புள்ள வாயிலேயே பேசறான்!" கிஷனின் தலையில் கையை வைத்து அழுத்தினார். சபைச் சகோதரர்கள் நான்கு பேர் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, பேயோட்டும் ஜெபத்தைக் கூச்சலாகப் போட்டார்கள்.

கிஷன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக எடுத்து, அவர் பக்கமே விட்டான். "சரிப்பா." மைக்கை மேசையில் வைத்தான். படியிறங்கிப் போய்விட்டான்.

போனவனுக்காக அப்பா ஒரு மூச்சைக்கூட வீணாக்கவில்லை. "ஆனா கர்த்தர் எனக்கு ஒரு மகளையும் குடுத்துருக்காரு! ஷாமினி, வாம்மா!"

போனேன். என் கால்கள் அப்படி வளர்க்கப்பட்டவை.

அப்பாவின் உள்ளங்கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. வியர்வை நெற்றிக்கு இறங்கியது. மைக் உதட்டில் இடித்தது. "சொல்லும்மா. நீ யாரோட பிள்ளை?"

நூறு பேர் ஆமெனை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். வெளியே மழை விட்டிருந்தது. கிஷன் இன்னும் போகவில்லை. கீழே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று, வெள்ளைச் சட்டையின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் வழக்கமாக உட்காரும் பின் சீட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.